திட்டு வாங்கியே விசில் ஊதியவர்

என் அக்கா தன் கணவரிடம் முதன்முதலில் பேசிய வார்த்தையை இங்கே எழுத முடியாது. அச்சில் ஏறாது. அப்போது எனக்குப் பதினோரு வயது. சிறுவர் கால்பந்துப் போட்டியில் நான் அடித்த கோலை, வாயில் விசிலோடு நின்ற ஓர் ஒல்லி ஆள் செல்லாது என்று சொல்லிவிட்டார். கோட்டுக்கு வெளியே நின்றிருந்த அக்கா இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, அந்த ஆளைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள். ஒரே வார்த்தைதான், ஆனால் அவருடைய பரம்பரையே அதில் அடங்கிவிட்டது. அவர் திரும்பிப் பார்த்தார். கோபப்படவில்லை. "ஆஃப்சைடுங்க" என்று மட்டும் சொன்னார். ஒன்றரை வருஷம் கழித்து இரண்டு பேருக்கும் கல்யாணம் நடந்தது.

அது நல்ல கோல்தான் என்பது இன்றுவரை என் கட்சி. அதை விடுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு அக்கா மைதானத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். "திட்டறதை வீட்டுலயே வச்சுத் திட்டிக்கலாம், அதுக்கு எதுக்கு வெயில்ல போய் நிக்கணும்?" என்பாள். நியாயம்தான்.

அத்தானுக்குத் தராசு பழுதுபார்க்கும் தொழில். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், தையல் கடைக்கும் சாவி போடுகிறவர் கடைக்கும் நடுவில், எட்டடி அகலத்தில் ஒரு கடை. மேசைத் தராசு, தொங்கு தராசு, மூட்டை நிறுக்கிற தராசு, குழந்தையைப் படுக்கவைத்து நிறுக்கிற தராசு என்று உள்ளே கால் வைக்க இடம் இருக்காது. எதன் மேலாவது ஏறித்தான் நிற்க வேண்டும். நின்றால் உங்கள் எடையைச் சத்தமாகச் சொல்லிவிடுவார். அதனாலேயே என் அக்கா அந்தக் கடைக்குள் நுழைவதில்லை. கொண்டுவந்த தராசில் எடைக்கல்லை வைத்து, முள் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று குனிந்து பார்ப்பார். சரிசெய்ய முடிந்தால் செய்வார். முடியாத கிழட்டுத் தராசாக இருந்தால், "வீட்டுக்கு வச்சுக்கங்க, கடைக்கு ஆகாது. எட்டு கிராம் கூடக் காட்டும், கழிச்சுக்கங்க" என்று சொல்லி, அதையே ஒரு சீட்டில் எழுதி ஒட்டிக் கொடுத்துவிடுவார்.

ஆனால் ஊரில் அவரை யாரும் தராசுக்காரர் என்று சொல்வதில்லை. 'விசில்' என்றுதான் பெயர். என் கோலைத் திருடிய அந்த நாள்தான் அவர் விசில் ஊதிய முதல் நாள். வர வேண்டிய நடுவருக்கு வயிறு சரியில்லை. மைதானத்தை ஒட்டிய கடைக்குத் தராசு கொடுக்க வந்தவரைப் பிடித்து, "உங்களுக்கு ரூல்ஸ் தெரியுமில்ல?" என்று கேட்டு யாரோ கையில் விசிலைத் திணித்திருக்கிறார்கள். அன்றைக்கு வாங்கியதைத் திருப்பித் தரவே இல்லை. இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று.

சனிக்கிழமை காலையில் அந்த மைதானத்துக்கு நீங்கள் வந்து பார்த்திருக்க வேண்டும். ஆடுவது பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள். சுற்றி நின்று ஆடுவது பெற்றவர்கள். வாரம் முழுவதும் வாடிக்கையாளரிடமும் மேலதிகாரியிடமும் பல்லைக் காட்டிவிட்டு வருகிறவர்கள், சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வாயைத் திறந்தால் பத்தரைக்குத்தான் மூடுவார்கள். விசில் ஒன்றுதான், நடுவர் ஒருவர்தான், கோட்டில் நிற்க ஆளெல்லாம் கிடையாது. ஆகவே எல்லாத் திட்டும் நேராக அத்தானுக்கே போய்ச் சேரும்.

மூன்று பேரை மட்டும் சொல்கிறேன். ஒருவர் பேக்கரிக்காரர். அவருடைய இரட்டைப் பையன்கள் மஞ்சள் சட்டை அணியில் ஆடுகிறார்கள். மனிதர் எல்லாவற்றுக்கும் திட்டுவார். பந்து காற்றில் விலகினால் காற்றைத் திட்டுவார். இன்னொருவர் லாரி டிரைவர். நீலச் சட்டையில் ஆடும் தன் அக்கா மகனை யாராவது தொட்டால் மட்டும் திட்டுவார், மற்ற நேரம் கடலை கொறிப்பார். மூன்றாவது, அறிவிப்பாளர் அக்கா.

பேருந்து நிலையத்தில் "பயணிகளின் அன்பான கவனத்திற்கு" என்று நாள் முழுதும் ஒலிக்கிற குரல் அவருடையது. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து பேசுவார். அந்தக் குரலில் உங்கள் பஸ் ரத்து என்று கேட்டால்கூட நன்றி சொல்லத் தோன்றும். சனிக்கிழமை அவருக்கு விடுப்பு. அதே குரல், அதே நிறுத்தம், அதே உச்சரிப்பு, சரக்கு மட்டும் வேறு. ழகரம் ளகரம் பிசகாமல் கெட்ட வார்த்தை பேச இந்த ஊரில் அவரை விட்டால் ஆள் கிடையாது. ஆனால் காரணம் இல்லாமல் அவர் வாயைத் திறக்க மாட்டார். மஞ்சள் சட்டைக்குக் கோல் காப்பவள் அவருடைய மகள்தான். மகள் பக்கம் தப்பு என்றால் மகளையே திட்டுவார்.

இதையெல்லாம் அத்தான் வாங்கிக்கொண்டு சிரித்துக்கொண்டே ஓடுவார். நடுவரை எதைச் சொல்லித் திட்டுவார்கள்? கண்ணைச் சொல்லித்தான். "கண்ணு அவிஞ்சா போச்சு?", "டேய் குருட்டு விசிலு!", "உன் பொண்டாட்டியக் கூட்டிட்டு வாடா, அவளாவது பார்த்துச் சொல்லட்டும்!" கடைசியில் சொன்னதற்கு நானும் சிரிப்பேன். போன வருஷம் வரைக்கும் சிரித்தோம்.

எனக்கு மருந்துக்கடை. முதலுதவிப் பையோடு எல்லா ஆட்டத்துக்கும் போவது நான்தான். போன வருஷம் ஒரு நாள் அத்தான் கடைக்கு வந்து, நின்றிருந்தவர்கள் எல்லோரும் போகும்வரை இருமல் மருந்து விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தார். பிறகு நாலாக மடித்த ஒரு சீட்டை நீட்டினார். கண் டாக்டர் எழுதியது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிற நோய். போன பார்வை திரும்பாது, தினமும் சொட்டு மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். அவருக்கு இடது கண் ஏறக்குறையப் போய்விட்டிருந்தது.

"அக்காவுக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரிஞ்சா விசிலைப் பிடுங்கி அடுப்புல போட்டுடுவா. கமிட்டிக்குத் தெரிஞ்சா அடுத்த வாரமே வேற ஆளைப் போட்டுடுவாங்க. மச்சான், உன் கையைப் பிடிச்சுக் கேட்கிறேன், யார்கிட்டயும் சொல்லாதே. வாரம் பூரா அடுத்தவன் தராசு முன்னாடி குனிஞ்சு உட்கார்ந்திருக்கேன். சனிக்கிழமை ஒரு நாள்தான் நிமிர்ந்து ஓடுறேன். அதுவும் போச்சுன்னா அப்புறம் எனக்குன்னு என்னடா இருக்கு?"

"இடது பக்கம் தெரியாம எப்படி அத்தான் ஆட்டம் நடத்துறீங்க?"

"பார்க்கிறதில்லை, கேட்கிறேன்" என்றார். பிறகு கண்ணடித்தார். அந்தக் கண்ணால்தான்.

விஷயம் இதுதான். தப்பு காட்டாத தராசை அவர் பார்த்ததே இல்லையாம். எவ்வளவு தப்பு என்று தெரிந்தால் போதும், கழித்துக்கொள்ளலாம். பேக்கரிக்காரர் கத்தினால் பத்துக்குப் பத்தும் கழித்துவிட வேண்டும். லாரி டிரைவர் கத்தினால் பாதி கழிக்கலாம். அறிவிப்பாளர் அக்கா கத்தினால் கழிக்க ஒன்றுமில்லை, நேராக விசிலை ஊதிவிடலாம். இடது பக்கம் எவன் எவனைத் தள்ளினான், பந்து யார் கையில் பட்டது என்பதெல்லாம் அந்தத் திட்டுகளிலேயே விவரமாக வந்துவிடும். இப்படியே சில வாரம் ஓட்டியிருக்கிறார். சொல்லப்போனால் முன்னைவிடச் சரியாகவே ஊதினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாயை மூடிக்கொண்டு சொட்டு மருந்தைக் கட்டிக் கொடுத்தேன்.

ஒன்றே ஒன்றுதான் அவரைத் தைத்தது. ஒரு சனிக்கிழமை பேக்கரிக்காரர் வழக்கம்போல "டேய் குருட்டு விசிலு!" என்றார். அத்தான் சிரிக்கவில்லை. இடைவேளையில் தண்ணீர் குடிக்க என்னிடம் வந்தவர் பாட்டிலைத் திறக்காமலே கேட்டார்.

"அவனுக்குத் தெரிஞ்சிடுச்சோ?"

"அவர் வந்த நாளிலிருந்து அதையேதானே சொல்றார்?"

"அப்போ பொய்யா இருந்துச்சு" என்றார்.

இந்த நிலைமையில்தான் பல் டாக்டர் வீட்டில் குண்டு வெடித்தது. பல் டாக்டர்தான் எங்கள் கமிட்டித் தலைவர். அவருடைய ஏழு வயது மகளும் சனிக்கிழமைகளில் மைதானத்துக்கு வருவாள். ஒரு நாள் விருந்தாளிகள் எதிரில், சாப்பாட்டு மேசையில், அறிவிப்பாளர் அக்காவின் ஒரு முழு வாக்கியத்தை உச்சரிப்பு மாறாமல் ஒப்பித்துவிட்டு, "நிஜமாவே இப்படி ஒருத்தரால செய்ய முடியுமாப்பா?" என்று கேட்டிருக்கிறாள். மைதானத்தில் கெட்ட வார்த்தைக்குத் தடை போட, டாக்டர் மறுநாளே கூட்டம் கூட்டினார்.

கூட்டத்தில் பேசியதைக் கேட்டிருக்க வேண்டும். "பிள்ளைங்க ஸ்கூல் பஸ்ல இதைவிட நல்லாவே பேசுதுங்க, நாமதான் அதுங்ககிட்ட கத்துக்கணும்" என்றார் லாரி டிரைவர். "வாயை மூடிட்டு உட்கார்றதுக்கு எனக்கு வீடு இருக்கே, மைதானம் எதுக்கு?" என்றார் பேக்கரிக்காரர். அவர் மனைவி தலையை ஆட்டினார். அறிவிப்பாளர் அக்காவோடு வந்திருந்த மகள் எழுந்து நின்றுவிட்டாள்.

"எங்கம்மா திட்ட ஆரம்பிச்சா எதிர் டீம் பசங்க பந்தை விட்டுட்டு நின்னு கேட்டுச் சிரிக்கிறாங்க. எனக்கு வெட்கமா இருக்கு. அம்மா இன்னொரு தடவை பேசினா நான் ஆட மாட்டேன்."

அறிவிப்பாளர் அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. தடைக்குச் சம்மதமானவர்கள் கை தூக்கலாம் என்றார் டாக்டர். முதலில் தூக்கிய கை யாருடையது என்று நினைக்கிறீர்கள்? என் அத்தானுடையது. எனக்கு அவரை அங்கேயே நாலு வார்த்தை கேட்கலாம் போலிருந்தது. தடை வந்துவிட்டதே என்று அடக்கிக்கொண்டேன்.

திரும்பி வரும் வழியில் பிடித்துக்கொண்டேன். "புத்தி இருக்கா உங்களுக்கு? அவங்க வாய்தானே உங்களுக்குக் கண்ணு?"

"அந்த ஒரு வார்த்தை எனக்குத் தாங்கலை மச்சான். மத்ததெல்லாம் பேசிட்டுப் போகட்டும். ஆனா ஒரு வார்த்தைக்கு மட்டும் தடை போடுங்கன்னு எப்படிக் கேட்கிறது? ஏன்னு கேட்பாங்களே."



கூட்டத்தில் தண்டனை என்ன வைப்பது என்பதில் ஒரு மணி நேரம் போயிருந்தது. எல்லோர் வாயிலும் மிட்டாய் போட்டுவிடலாம் என்று ஒருவர் சொன்னதற்குப் பல் டாக்டர் பதறிப்போனார். கடைசியில் நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் ஒரு யோசனை சொன்னேன். பேசினவர் யாரானாலும் ஆட்டம் முடியும்வரை கையில் கொடி பிடித்துக் கோட்டோரம் ஓட வேண்டும். அதுவரை கோட்டில் நிற்க எங்களுக்கு ஆள் இருந்ததில்லை அல்லவா? திட்டுகிறவர் உடம்பும் இளைக்கும், ஆட்டத்துக்கும் உதவி. அப்படியே தீர்மானம் ஆயிற்று.

முதல் வாரம் எல்லோரும் தந்திரமாக நடந்துகொண்டார்கள். கெட்ட வார்த்தை இருந்த இடத்தில் வீட்டுச் சாமான்களைப் போட்டார்கள். "டேய் வாளி!", "போடா ஏணி!", "உன்னையெல்லாம் பெத்ததுக்கு உங்க வீட்டுல ஒரு அண்டாவைப் பெத்திருக்கலாம்டா!" தொனி மட்டும் பழையதுதான். அடுத்த வாரம் ஒரு பையன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரை வாளி என்று சொல்லிவிட, அவன் சொன்ன விதத்திலேயே வாத்தியாருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புகார் வந்தது. டாக்டருக்கு ரோஷம் வந்து சட்டத்தை இறுக்கினார். நடுவரைப் பார்த்து நல்லதோ கெட்டதோ ஒரு வார்த்தை பேசக் கூடாது, கைதட்ட மட்டும் செய்யலாம்.

அதன் பிறகு அந்த மைதானத்தில் நடந்தது ஆட்டமே அல்ல. பெற்றவர்கள் வரிசையாக நின்று கன்னத்தை உப்பிக்கொண்டு பார்ப்பார்கள். லாரி டிரைவர் வாயில் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டார். பேக்கரிக்காரருக்கு மட்டும் அடக்க முடியவில்லை. தொடர்ந்து ஐந்து வாரம் கொடி பிடித்து ஓடி, இடுப்புப் பட்டையில் இரண்டு ஓட்டை உள்ளே போனார். அவர் மனைவி டாக்டருக்கு ஒரு பெட்டி பிஸ்கட் அனுப்பினார். கொடியால் அத்தானுக்குப் பிரயோஜனம் இல்லை. காக்கை பறந்தால்கூட மனிதர் கொடியைத் தூக்குவார்.

அறிவிப்பாளர் அக்கா வாயைத் திறக்கவே இல்லை. மகளுக்குக் கொடுத்த வாக்கு. பந்து போகிற பக்கமெல்லாம் அவர் கண் போகும், உதடு அசையும், சத்தம் வராது.

அத்தான் தடுமாற ஆரம்பித்தார். இடது பக்கத்தில் கையால் அடித்த கோலைச் சரி என்றார். யாரும் தொடாமல் விழுந்த பையனுக்கு ஃப்ரீ கிக் கொடுத்தார். விழ வைத்தவனை விட்டுவிட்டார். பார்த்த எல்லோருக்கும் பொங்கியது, ஒருவரும் பேசவில்லை. ஆட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, "நான் ஊதினது சரியா மச்சான்?" என்று கேட்பார். நான் பஞ்சையும் கட்டுத்துணியையும் எண்ணுவதுபோல் பைக்குள் தலையை விட்டுக்கொள்வேன். திட்டு வாங்காமல் ஒரு மனிதர் இளைத்துப்போனதை நான் அப்போதுதான் பார்த்தேன்.

இறுதி ஆட்டம் வந்தது. மஞ்சள் சட்டையும் நீலச் சட்டையும். அன்றைக்கு அதிசயமாகப் பேக்கரிக்காரர்கூட வாயைத் திறக்கவில்லை. கொடி என் மருந்துப் பை பக்கத்தில் சும்மா கிடந்தது. ஆளுக்கொரு கோல், முடிய நாலு நிமிஷம் இருக்கிறது. நீலச் சட்டைப் பெண் ஒருத்தி, குதிரைவால் சடை போட்டவள், மஞ்சள் சட்டைக் கோலை நோக்கிப் பாய்ந்தாள். அத்தானுக்கு அது இடது பக்கம். பந்து மேலே வந்தது. அவளும் எகிறினாள், அறிவிப்பாளர் அக்காவின் மகளும் எகிறினாள். அடுத்த நொடி சடைக்காரி தரையில் கிடந்தாள். பந்து வெளியே போய்விட்டது. அத்தான் தலையைத் திருப்பியபோது எல்லாம் முடிந்திருந்தது.

கோல்காரி பிடித்து இழுத்தாளா, இவளாக விழுந்தாளா? இழுத்திருந்தால் பெனால்டி, கோப்பையே கைமாறிவிடும். இருநூறு பேர் அத்தானைப் பார்த்தார்கள். ஒரு சத்தம் இல்லை. நீலச் சட்டைக்காரர்கள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள், மஞ்சள் சட்டைக்காரர்களும் அப்படியே நின்றார்கள். அத்தான் மெதுவாகக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே வந்து, அறிவிப்பாளர் அக்காவிடம் பார்வையை நிறுத்தினார். எந்த ஆட்டத்திலும் பந்தைவிட்டுக் கண்ணை எடுக்காத அந்த அம்மா, தலையைக் குனிந்து புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிலேயே பதில் கிடைத்துவிட்டதாம் அத்தானுக்கு. பின்னால் சொன்னார். ஆனால் தான் பார்க்காத ஒன்றுக்கு, ஒரு தாய் தலைகுனிந்ததை வைத்து, அவள் மகளுக்கு எதிராக விசில் ஊத அவருக்கு மனம் வரவில்லை. ஊதாமல் விட்டால் கீழே கிடக்கிற பெண்ணுக்கு அநியாயம்.

விசிலை வாயிலிருந்து எடுத்தார். மைதானத்தின் நடுவில் நின்று, வானத்தைப் பார்த்து, தன்னைத் தானே திட்டினார். இருபத்திரண்டு வருஷமாக வாங்கிச் சேர்த்தது எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. பேக்கரிக்காரருடைய சரக்கு, லாரி டிரைவருடைய சரக்கு, அறிவிப்பாளர் அக்காவுடைய நீண்ட வாக்கியங்கள், நடுவில் என் அக்காவின் அந்த முதல் வார்த்தைகூட இருந்தது. "இந்த அவிஞ்சுபோன கண்ணை வச்சுக்கிட்டு விசில் ஒரு கேடாடா உனக்கு, குருட்டுப் பயலே!" என்பதுதான் அதில் அச்சில் ஏறக்கூடிய பகுதி.

பல் டாக்டர் மகளின் காதைப் பொத்தினார். ஒரு காதைத்தான் பொத்த முடிந்தது. "நடுவரே! நீங்களே இப்படியா?"

"சட்டம் சட்டம்தான் டாக்டர். பேசினவன் கொடி பிடிக்கணும்" என்று சொல்லிவிட்டு அத்தான் நேராக அறிவிப்பாளர் அக்காவிடம் போனார். கழுத்திலிருந்து விசில் கயிற்றைக் கழற்றினார்.

"எனக்கு இந்தப் பக்கம் தெரியறதில்லைம்மா. ஒரு வருஷமாச்சு. நீங்க திட்டுவீங்க, அதைக் கேட்டு ஊதிட்டிருந்தேன். இப்போ அதுவும் இல்லை. பொய்யா ஊதலாம், பிள்ளைங்க ஆட்டத்துல மனசு வரலை. நீங்க பார்த்தீங்க இல்ல? நீங்களே ஊதுங்க."

"அங்க நிக்கிறது என் பொண்ணாச்சே."

"அதனாலதானே குனிஞ்சீங்க. நிமிர்ந்து ஊதுங்க."

சத்தமில்லாத மைதானத்தில் அவர் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. அந்த அம்மா விசிலை வாங்கி, முந்தானையால் துடைத்தார். மகளைப் பார்த்தார். ஊதினார். பெனால்டி இடத்தைக் கையால் காட்டினார்.

"அம்மா!" என்று அலறினாள் மகள்.

"சட்டையைப் பிடிச்சு இழுத்தது நீ. அம்மா பார்த்தேன். கோல்ல போய் நில்லு" என்றார், பேருந்து நிலையக் குரலில். அந்தக் குரலை எதிர்த்துப் பேச யாரால் முடியும்? அவள் போய் நின்றாள். சடைக்காரி அடித்த பந்து வலையில் போய் விழுந்தது. மகள் அம்மாவிடம் இரண்டு நாள் பேசவில்லையாம். மூன்றாம் நாள், "இழுத்தேன்தான், சட்டை கையோட வந்துடுச்சு" என்று ஒப்புக்கொண்டாளாம்.

நான் சொல்ல வந்தது அடுத்த நாலு நிமிஷத்தைப் பற்றி. அத்தான் என் பக்கத்தில் வந்து குனிந்து கொடியை எடுத்தார். என்னைப் பார்க்கவில்லை. கோட்டோரம் போய் நின்றார். கோடு நேராகத்தானே போகிறது, நேராக இருப்பது அவருக்கு நன்றாகவே தெரியும். பந்து பேக்கரிக்காரரின் பையன் காலில் பட்டு வெளியே உருண்டது. அத்தான் சரியாக நீலத்துக்குக் கொடியைக் காட்டினார்.

பேக்கரிக்காரர் வெடித்தார். ஆட்டம் முழுக்க அடக்கி வைத்தது. "டேய் விசிலு!" என்று ஆரம்பித்து, அத்தானின் அப்பா, அம்மா, மாமனார், இன்னும் பிறக்காத பேரப்பிள்ளைகள் வரைக்கும் போய் வந்தார். அவர் மூச்சு வாங்கிய இடத்தில் லாரி டிரைவர் வாயிலிருந்து கைக்குட்டையைப் பிடுங்கிவிட்டுப் பிடித்துக்கொண்டார். அப்புறம் யார் யார் என்றே தெரியவில்லை, அணை உடைந்த மாதிரி இரண்டு பக்கமும் கொட்டியது. கொடியோ ஒன்றுதான், அதுவும் அத்தான் கையில். பல் டாக்டரே கடைசி நிமிஷத்தில் ஒரு வார்த்தை சொன்னார் என்கிறார்கள். அவர் மறுக்கிறார். மகள் ஒப்பித்துக் காட்டுகிறாள்.

சாயங்காலம் அக்காவின் சமையலறையில் உட்கார்ந்திருந்தோம். செய்தி எங்களுக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டது. அக்கா முதலில் என்னைத்தான் பிடித்தாள்.

"சொட்டு மருந்தை வித்துட்டு ஒரு வருஷமா எங்கிட்ட சிரிச்சுப் பேசிட்டு இருந்திருக்கே. நீ எனக்குத் தம்பியா, இல்ல மருந்துக்கடைக்காரனா?" பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "இருபது வருஷமா பக்கத்துல இருக்கேன். கண்ணு போகுதுன்னு எங்கிட்ட சொல்ல என்ன கேடு உங்களுக்கு?" குரல் உடைந்துவிட்டது. அழுதுகொண்டே திட்டினாள், திட்டிக்கொண்டே மருந்து பாட்டிலின் மூடியைத் திறந்தாள். "தலையை நிமிர்த்துங்க."

அத்தான் நாற்காலியில் தலையைச் சாய்த்துக்கொண்டார். விசில் போன கழுத்து வெறுமையாக இருந்தது. ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டுமே என்று, "பேக்கரிக்காரர் பேசினதை மனசுல வச்சுக்காதீங்க அத்தான், மனுஷன் இன்னைக்கு ரொம்பத்தான் போயிட்டார்" என்றேன்.

"நீ சரியா கேட்கலை மச்சான்" என்றார் அத்தான். அவர் முகத்தில் ஒரு வருஷமாக நான் பார்க்காத சிரிப்பு. "அவன் மட்டுமில்ல, அங்க நின்ன எல்லாரும்தான். எங்க குடும்பத்துல ஒருத்தரை விடலை. கண்ணை மட்டும் விட்டுட்டாங்க."